இடம் பொருள் அறிந்து ஒட்டுங்கள்

சுங்கச்சாவடி வரிசையில் முன்னால் நிற்கும் காரின் ஓட்டுநர் சுங்கக் கட்டணத்துக்கான ஃபாஸ்டேக் ஸ்டிக்கரைக் கையில் எடுத்து, முன்கண்ணாடிக்கு உள்ளிருந்தபடியே மேலே காட்டிக்கொண்டிருப்பார். ஒருமுறை நேராக, ஒருமுறை படுக்கைவாட்டில், கடைசியாக ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டி. தடுப்புக் கட்டை எழாது. பின்னால் ஹாரன்கள் அலறத் தொடங்கியதும் சாவடி ஊழியர் கையடக்க ரீடரோடு ஓடி வருவார். அதை டேக்குக்குக் கிட்டே கொண்டுபோனதும் ‘பீப்’ என்று சத்தம் வரும், கட்டை எழும். ஓட்டுநர் மெஷினைத் திட்டிக்கொண்டே கிளம்புவார். நெடுஞ்சாலையில் போய்வருகிற எவருக்கும் பழக்கமான காட்சி இது.

மெஷின் கெட்டுப்போகவில்லை. கணக்கில் பணம் இருக்கிறது, டேக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கையில் வைத்திருப்பது பாதி டேக். மீதிப் பாதி அந்த முன்கண்ணாடி. கண்ணாடியில் ஒட்டிய நிலையில் வேலை செய்வதற்கென்றே ஃபாஸ்டேக் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடியை விட்டுப் பிரிந்ததும் அதன் இயல்பே மாறிவிடுகிறது. ஃபாஸ்டேக்குக்கு மட்டுமான விஷயம் இல்லை இது. நூலகப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் இருக்கும் டேக், சரக்கு ரயிலின் வேகனில் அறைந்த டேக், நாயின் தோலுக்கடியில் செலுத்திய சிப் என்று, ரேடியோ அலையால் அடையாளம் காணும் ஆர்.எஃப்.ஐ.டி குடும்பத்தைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எதன்மீது, எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து வைக்கிறோம் என்பதும் டேக்கின் அமைப்பிலேயே ஒரு பகுதி. டேக்கை விற்பவர்கள் பல பேர். இதை விளக்கிச் சொல்பவர்கள் குறைவு.

ஒரு ஃபாஸ்டேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே இரண்டே பொருள்கள் தெரியும். ஒன்று, மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மேல் வளைந்து நெளிந்து ஓடும் அலுமினியக் கோடு. அதுதான் ஆண்டெனா. இன்னொன்று, அந்தக் கோட்டின் நடுவே ஒரு புள்ளி. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தப் புள்ளிதான் சிப். மின்கலம் கிடையாது, சுவிட்சு கிடையாது. பணமும் அதற்குள் இல்லை. இருப்பது ஓர் அடையாள எண் மட்டும். நாம் ரீசார்ஜ் செய்யும் தொகை வங்கியின் கணினியில் இருக்கிறது. டேக்கைக் கண்ணாடியிலிருந்து பிரித்து யார் எவ்வளவு ஆராய்ந்தாலும் அதில் ஒரு பைசா கிடைக்காது.

மின்கலம் இல்லாத பொருள் எப்படிப் பேசுகிறது? ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே டேக் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தச் சொற்ப மின்சாரத்தில் சிப் விழிக்கிறது. விழித்ததும், தன் ஆண்டெனாவின் இரு முனைகளுக்கு இடையிலுள்ள மின்தடையை நொடிக்குப் பல்லாயிரம் முறை மாற்றி மாற்றி வைக்கிறது. ஒரு நிலையில் ஆண்டெனா அலையைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும், மறு நிலையில் குறைவாக. திரும்பி வரும் அலையின் இந்த ஏற்ற இறக்கத்தை ரீடர் ஒன்று, சுழி என்று படித்துக்கொள்கிறது. டேக் தானாக எந்த அலையையும் உண்டாக்குவதில்லை. தன்மேல் விழுந்ததையே ஏற்றி இறக்கித் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1945-ல் மாஸ்கோவில் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் ஆவ்ரெல் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அது தூதர் இல்லத்தின் சுவரில் தொங்கியது. 1952-ல்தான் அதற்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பது தெரிந்தது. லெவ் தெர்மென் என்ற ரஷ்யப் பொறியாளர் வடிவமைத்த அந்தக் கருவியிலும் மின்கலம் இல்லை. வெளியே ஓரிடத்திலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சும்போது மட்டும் அது உயிர்பெற்றது. அறையில் எழும் பேச்சு ஒரு மெல்லிய உலோகத் தகட்டை அதிரவைக்க, அந்த அதிர்வுக்கேற்ப அலை மாறித் திரும்பியது. ஏழு ஆண்டுகள் அது அகப்படாமல் இருந்ததில் வைத்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மரம் ரேடியோ அலையைத் தடுக்காது. சுவரில் மாட்டிய அலங்காரப் பொருளை யாரும் சந்தேகிக்கவும் மாட்டார்கள். 1948-ல் ஹாரி ஸ்டாக்மன், திருப்பியனுப்பும் அலை மூலமே தகவல் தொடர்பு கொள்ளலாம் என்று விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். டேக்குகளின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அந்தச் சிப்பை மலிவாகச் செய்யும் தொழில்நுட்பம் கைகூட அரை நூற்றாண்டு ஆனது.

ஒட்டும் இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது மின்சாரக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். இந்தியாவில் இந்த வகை டேக்குகள் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகின்றன. 2005 முதல் இதற்குத் தனி உரிமம் வேண்டாம். ஆனால் ரீடரின் திறன் 1 வாட்டைத் தாண்டக் கூடாது, ஆண்டெனாவால் ஒரு திசையில் குவிக்கப்பட்ட பிறகு அதன் வீச்சு 4 வாட்டைத் தாண்டக் கூடாது. இந்த உச்ச வரம்பில் ஒரு ரீடர் இயங்குவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் டேக்கின் ஆண்டெனா, எல்லாம் சரியாக அமைந்தால், அதிலிருந்து பிடிப்பது ஒரு மில்லிவாட்டில் மூன்றில் ஒரு பங்குதான். ரீடரின் அலை சுழன்றபடி வருவதும் டேக்கின் கோடு ஒரே திசையில் கிடப்பதுமாக இருப்பதால் அதிலும் பாதி போகும். சிப் விழிக்க ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒன்றிரண்டு பங்கு போதும். ஆக, தேவையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு கையிருப்பு இருக்கிறது. கேட்க நிறையத் தோன்றும். ஆனால் மழைநீர் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், வண்டி வளைந்து வந்தால் ஒரு பங்கு போகும், சாய்ந்த கண்ணாடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் அந்தக் கையிருப்பு. தவறான இடத்தில் ஒட்டுபவர் அதை வீட்டிலேயே செலவழித்துவிட்டுச் சாலைக்கு வருகிறார். ஊழியர் கையடக்க ரீடரைக் கிட்டே கொண்டுவரும்போது டேக் பதில் சொல்வதன் காரணமும் இதுவே. தூரம் பத்தில் ஒன்றானால் டேக்கின்மேல் விழும் திறன் நூறு மடங்கு கூடும். எல்லாக் குறையும் அதில் மறைந்துபோகும்.

சரி, கண்ணாடி எங்கே வருகிறது? 866 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 34.6 சென்டிமீட்டர். அதைப் பிடிக்கும் எளிய ஆண்டெனா அதில் பாதி, அதாவது 17 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். டேக்கோ உள்ளங்கையளவுதான். அதனால்தான் அலுமினியக் கோடு பாம்புபோல் வளைந்து செல்கிறது. ஆண்டெனாவின் நீளமும் வடிவமும் சேர்ந்து அது எந்த அதிர்வெண்ணுக்கு நன்றாக அதிரும் என்பதை முடிவு செய்கின்றன. பக்கத்தில் என்ன பொருள் இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முடிவு செய்கிறது. மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன் தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தோல் அதேதான், வார்ப்பிடிப்பும் அதேதான். மேலே ஏறிய பொருளால் சுருதி இறங்குகிறது. ஆண்டெனாவுக்கு ஒட்டிய கண்ணாடியும் இதையே செய்கிறது. பள்ளிப் பாடப்புத்தகம் ‘விடுதிறன்’ என்று சொல்லும் ஒரு பண்பு பொருள்களுக்கு உண்டு. காற்றுக்கு அது 1 என்றால் காகிதத்துக்கு 2 அல்லது 3, கண்ணாடிக்கு 6 அல்லது 7, தண்ணீருக்கு 80-க்குப் பக்கம். விடுதிறன் கூடிய பொருள் ஆண்டெனாவை ஒட்டியிருந்தால் அதன் அதிர்வெண் கீழே இறங்கும்.

வடிவமைப்பாளர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள முன்கண்ணாடியில் ஒட்டியதும் அதிர்வெண் எவ்வளவு இறங்கும் என்று பார்த்து, இறங்கிய பிறகு சரியாக 866-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்படி ஆண்டெனாவின் நீளத்தை வைக்கிறார்கள். ஆகவே ஒட்டாத டேக் மேலே எங்கோ சுருதி விலகி நிற்கிறது. அதைக் கையில் பிடித்தால் நிலைமை இன்னும் மோசம். நம் கையில் பெரும்பகுதி தண்ணீர். விரல்கள் ஆண்டெனாவின்மேல் பட்டதும் அதிர்வெண் கண்டபடி கீழே போகும். போதாக்குறைக்கு, தண்ணீர் இந்த அலைவரிசையின் ஆற்றலை உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். அந்தப் பத்து மடங்கு கையிருப்பு நம் உள்ளங்கையிலேயே கரைந்துபோகிறது. வரிசையில் நிற்கும் ஓட்டுநர் ஸ்டிக்கரை எவ்வளவு இறுக்கிப் பிடித்து ஆட்டுகிறாரோ அவ்வளவுக்கு அதன் வாயைப் பொத்துகிறார்.

உலோகம் வேறு விதமாகக் கெடுக்கும். ரேடியோ அலை உலோகப் பரப்பில் பட்டுத் திரும்பும்போது, வந்த அலையும் திரும்பிய அலையும் பரப்புக்கு மிக அருகே ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. அந்த இடத்தில் சாதாரண டேக்கை ஒட்டினால் அதற்கு உண்ண ஒன்றும் கிடைக்காது. எட்டு ஒன்பது சென்டிமீட்டர் தள்ளிப் போனால் அதே உலோகம் அலையைக் கூட்டிக் கொடுக்கும். ரயில் வேகன், எரிவாயு சிலிண்டர், தொழிற்சாலை இயந்திரம் போன்றவற்றுக்கு உலோகத்தின் மேல் வைப்பதற்கென்றே தனி டேக்குகள் இருப்பது இதனால்தான். அவை தடித்திருக்கும். உள்ளே ஆண்டெனாவுக்கும் அடிப்பரப்புக்கும் நடுவே பீங்கானோ பிளாஸ்டிக்கோ வைத்திருப்பார்கள். உலோகமே ஆண்டெனாவின் மறுபாதியாக வேலை செய்யும்படி அமைத்திருப்பார்கள். அந்த டேக்கைக் கொண்டுபோய் மரப்பெட்டியில் ஒட்டினால் அதுவும் மௌனமாகிவிடும். கண்ணாடி டேக்குக்குக் கண்ணாடி, உலோக டேக்குக்கு உலோகம். மாற்றி வைக்கக் கூடாது.

காருக்கு வருவோம். ஃபாஸ்டேக்கை முன்கண்ணாடியின் உட்புறம், மேல்பகுதியில், நடுவில், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டச் சொல்கிறார்கள். ஓட்டுநரின் பார்வையை மறைக்காது என்பது ஒரு காரணம். மேலேயிருந்து சாய்வாகப் பார்க்கும் ரீடருக்கு அந்த இடம் தடையில்லாமல் தெரியும் என்பது இன்னொன்று. கூரையின் உலோக விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளியும் இருக்க வேண்டும். டாஷ்போர்டில் போட்டு வைப்பவர்கள் உண்டு. அங்கே டேக் மல்லாந்து கிடக்கும், கீழே உலோகச் சட்டங்களும் வயர்களும் இருக்கும், வண்டி திரும்பினால் சறுக்கி ஓரத்துக்குப் போகும். பக்கவாட்டு ஜன்னலில் ஒட்டுபவர்களும் உண்டு. ரீடரின் அலை அங்கே நேராக வருவதே இல்லை.

விலை உயர்ந்த சில கார்களில் வேறொரு சிக்கல். வெயிலின் வெப்பத்தைத் திருப்பியனுப்ப முன்கண்ணாடியின் அடுக்குகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு பூசியிருப்பார்கள். வெப்பத்தைத் தடுக்கும் அந்தப் பூச்சு ரேடியோ அலையையும் தடுக்கும். ஆனால் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் பூச்சில்லாத ஒரு சிறு சன்னலை விட்டு வைக்கிறார்கள். அங்கே கறுப்புப் புள்ளிகள் போட்டு அடையாளம் காட்டியிருப்பதும் உண்டு. வண்டியோடு வரும் கையேட்டில் அந்த இடம் குறிப்பிட்டிருக்கும். புது டேக்குக்குப் புகார் எழுதுவதற்கு முன் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஒட்டும் வேலைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும், ஐந்தாண்டு கவலையில்லை. கண்ணாடியின் உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். பளபளப்புக்காக அடிக்கும் ஸ்ப்ரேயின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது. குளிர்சாதனம் ஓடி உள்ளே பனித்துளி படிந்திருந்தாலும் அப்படித்தான். ஒரு விளிம்பிலிருந்து தொடங்கி, காற்றைத் தள்ளிக்கொண்டே மெல்ல அழுத்திப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ் வெயிலில் விரிந்து பசையைப் பெயர்க்கும். அந்த இடத்தில் ஆண்டெனா கண்ணாடியைத் தொடாமல் நிற்பதால் அதிர்வெண்ணும் மாறும். சிப் இருக்கும் நடுப்புள்ளியைக் கட்டைவிரலால் குத்தி அழுத்துவது கூடாது. அலுமினியக் கோட்டோடு அந்தச் சிப்பை இணைப்பது மின்சாரம் கடத்தும் ஒரு துளிப் பசை மட்டுமே. டேக்கை மடித்தாலும் நகத்தால் சுரண்டினாலும் முதலில் விட்டுப்போவது அந்த இணைப்பு. வெளியே பார்க்க ஸ்டிக்கர் புதிதாகவே இருக்கும்; உள்ளே உறவு அறுந்திருக்கும்.

மே மாத வெயிலைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். சிப் வெயிலுக்கு அஞ்சாது. இந்த வகைச் சிப்புகள் வழக்கமாக 85 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. அதற்கு முன்பே தளர்வது பசைதான். பசை நன்றாகப் பிடித்திருந்தால் வெயில் ஒரு பொருட்டல்ல.

ஒட்டியதை மறுபடி உரித்து எடுக்கக் கூடாது. ஒரு வண்டியின் டேக் இன்னொரு வண்டிக்குப் போகாமலிருக்க, பல டேக்குகளில் மெல்லிய வெட்டுகள் போட்டிருப்பார்கள். உரிக்கும்போது ஆண்டெனா அந்த வெட்டுகளின் வழியே கிழிந்துவிடும். கல் பட்டு முன்கண்ணாடி உடைந்து புதிது மாற்றினால், பழைய கண்ணாடியோடு டேக்கும் போயிற்று என்று கொள்ளுங்கள். வங்கியிடம் மாற்று டேக் வாங்குவதுதான் வழி. வங்கியை மாற்றும்போது பழைய டேக்கை அப்படியே விட்டுவிட்டு அதன் பக்கத்தில் புதியதை ஒட்டும் பழக்கமும் வேண்டாம். அருகருகே இருக்கும் இரண்டு ஆண்டெனாக்கள் ஒன்றையொன்று பாதிக்கும். ரீடருக்கு எது முதலில் பதில் சொல்லும் என்றும் சொல்ல முடியாது. ஒரு வண்டிக்கு ஒரு ஃபாஸ்டேக் என்ற விதி 2024-ல் கண்டிப்பாக்கப்பட்டதற்கு நிர்வாகக் காரணங்கள் பல இருந்தாலும், இயற்பியலும் அதன் பக்கம்தான் இருக்கிறது.

2022 ஜூனில் ஒரு காணொளி நாடெங்கும் பரவியது. சிக்னலில் கார்க் கண்ணாடியைத் துடைக்கும் சிறுவன் கையிலுள்ள கடிகாரத்தால் ஃபாஸ்டேக்கை ஸ்கேன் செய்து பணத்தைத் திருடுகிறான் என்றது அது. பலர் பயந்துபோய் டேக்கை உரித்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். தேசியக் கொடுப்பனவுக் கழகம் அது பொய் என்று உடனே மறுத்தது. பதிவு செய்யப்பட்ட வணிகருக்கு மட்டுமே இந்த அமைப்பில் பணம் போகும். தனி ஆளின் கணக்குக்குப் போக வழியே இல்லை. அந்தப் பயத்தில் டேக்கை உரித்தவர்கள் இழந்தது நல்ல டேக்கை மட்டும்.

நூலகத்துக்குள் நுழைந்தால் விதிகள் மாறும். புத்தகங்களுக்குப் பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் டேக்கைப் பயன்படுத்துகிறார்கள். அந்த அலையின் நீளம் 22 மீட்டர். அவ்வளவு நீள அலைக்குப் புத்தகத்துக்குள் ஆண்டெனா வைப்பது நடக்காது. அதனால் இங்கே காந்தப்புலம் வேலை செய்கிறது. டேக்கில் இருப்பது சதுரமாகச் சுற்றிய கம்பிச்சுருள். ரீடரின் சுருளிலிருந்து வரும் காந்தப்புலம் அதன் ஊடே பாயும்போது மின்சாரம் பிறக்கிறது. இந்தப் புலம் தூரத்தோடு மிக வேகமாகத் தேய்ந்துவிடும்; ஒரு மீட்டருக்குமேல் எதிர்பார்க்க முடியாது. மேசையில் வைத்து இரவல் பதியவும் வாசலில் திருட்டைக் கண்டுபிடிக்கவும் அது போதும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 1990-களின் இறுதியிலேயே இதைக் கொண்டுவந்து உலக நூலகங்களுக்கு முன்னோடியானது.

புத்தக டேக்கை ஒட்டுவதில் நூலகர்கள் அறிந்த ஒரு நுணுக்கம் உண்டு. பத்துப் புத்தகங்களை அடுக்கி மேசைமேல் வைத்தால் ரீடர் பத்தையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். எல்லாவற்றிலும் டேக் ஒரே மூலையில் இருந்தால், சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்து ஒன்றின் புலத்தை மற்றொன்று குலைக்கும். பத்தில் ஏழுதான் பதிவாகும். அதனால் பின்னட்டையின் உட்புறத்தில், முதுகுப் பக்கத்தை ஒட்டி, ஒரு புத்தகத்துக்கு மேலே, அடுத்ததற்கு நடுவில், அதற்கடுத்ததற்குக் கீழே என்று இடம் மாற்றி மாற்றி ஒட்டுகிறார்கள். தடித்த நாவலுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. பக்கங்களின் தடிமனே போதுமான இடைவெளி தரும். நம் கவிதைத் தொகுப்புகளும் குறுநூல்களும் அறுபது எழுபது பக்கங்களில் முடிந்துவிடுபவை. அவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்தால் டேக்குகளுக்கு இடையே சில மில்லிமீட்டர்தான் இருக்கும். தமிழ் நூல்கள் நிறைந்த நூலகத்தில் இந்த இடமாற்றத்தை விட்டுவிட்டால், கவிதை அலமாரிதான் முதலில் பாதிக்கப்படும்.

பொன்னிற எழுத்துக்காக அட்டையில் உலோகத் தாள் பதித்த நூல்களில் டேக்கை முன்னட்டைப் பக்கம் ஒட்டக் கூடாது. மாறும் காந்தப்புலம் அந்த உலோகத் தாளில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, தன்னையே எதிர்த்துக்கொள்ளும். குறுந்தகடுகளின் உள்ளேயும் அலுமினியம்தான் என்பதால் அவற்றுக்கு நடுத்துளையைச் சுற்றி ஒட்டும் வளைய வடிவ டேக் வந்தது. பசையும் கவனிக்க வேண்டிய பொருள். அமிலத்தன்மை கொண்ட பசை பத்திருபது ஆண்டுகளில் காகிதத்தைப் பழுப்பேற்றிவிடும்; அமிலமற்ற பசையுள்ள டேக்கைக் கேட்டு வாங்குவது நூலகத்தின் கடமை. பழைய அரிய பதிப்புகளிலும் ஓலைச்சுவடிகளிலும் எந்தப் பசையையும் நேரடியாக வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றை வைக்கும் பெட்டிக்கோ உறைக்கோ டேக் போடலாம். அலமாரி எண்ணும் வசதிக்காக முந்நூறு ஆண்டு ஓலை ஒன்றில் கறை ஏற்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

உயிருள்ள உடலுக்கு இன்னொரு அலைவரிசை. உடலில் தண்ணீர் அதிகம். ஃபாஸ்டேக்கின் அலை அதற்குள் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே விலங்குகளுக்கு 134.2 கிலோஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். தசை அதற்குத் தடையே இல்லை. பச்சரிசியைவிடச் சற்றே பெரிதாக, 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்ட கண்ணாடிக் குப்பிக்குள் சுருளும் சிப்பும் இருக்கும். கால்நடை மருத்துவர் அதை ஊசி வழியே நாயின் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கடியில் செலுத்துவார். அங்கே தோல் தளர்வாக இருப்பதால் வலி குறைவு. எங்கே தேடுவது என்று எல்லா மருத்துவர்களுக்கும் தெரியும். 15 இலக்க எண் ஒன்றைத் தவிர அதில் எதுவும் இல்லை. நாய் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறது என்று அது காட்டும் என்று நம்புபவர்கள் நிறையப் பேர். காட்டாது. சில சிப்புகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தோளுக்கோ முன்னங்காலுக்கோ நகர்ந்துவிடும். ஆகையால் தோள்களுக்கு நடுவே மட்டும் பார்த்துவிட்டுச் சிப் இல்லை என்று முடிவு கட்டாமல், ரீடரை உடல் முழுக்க மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.

சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியதால் இது இப்போது பல வீடுகளின் விஷயம். சிப்பைப் பேணுவது என்றால் நாயின் உடலில் செய்ய வேண்டியது அநேகமாக எதுவும் இல்லை. ஆண்டுக்கொரு முறை தடுப்பூசிக்குப் போகும்போது, ரீடரை வைத்து எண் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீடோ கைபேசி எண்ணோ மாறினால் பதிவேட்டில் மாற்றுங்கள். அந்த எண்ணோடு பழைய கைபேசி எண் இணைந்திருந்தால், நாய் தொலைந்த அன்று சிப் இருந்தும் பயனில்லை. மாடுகளின் காதில் தொங்கும் மஞ்சள் அட்டையும் இதே வகை என்று பலர் நினைக்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் அச்சிட்ட 12 இலக்க எண்ணும் பட்டைக்கோடும்தான், ரேடியோ இல்லை. அதனால் அந்த அட்டையின் பராமரிப்பே வேறு: சாணமும் சேறும் படாமல் எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.

நெடுஞ்சாலைக்கு மீண்டும் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2017 டிசம்பரிலிருந்து விற்கும் புதிய நான்கு சக்கர வண்டிகளில் ஃபாஸ்டேக் பொருத்தியே தர வேண்டும் என்று விதி வந்தது. 2021 பிப்ரவரி நடுவில் எல்லா நான்கு சக்கர வண்டிகளுக்கும் அது கட்டாயமானது. 2024 ஜூலையில், கண்ணாடியில் ஒட்டாமல் வந்தால் இரு மடங்கு கட்டணம் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் கையில் வைத்துக் காட்டும் டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. ஒட்டாமல் வைத்திருப்பவர்களில் சிலர் ஒரே டேக்கைப் பல வண்டிகளுக்குப் பயன்படுத்துபவர்கள். அவர்களைத் தண்டிப்பதில் தவறில்லை. ஆனால் பெரும்பாலோர் கண்ணாடி அழுக்காகும், வண்டியை விற்கும்போது எடுக்க முடியாது, எங்கே ஒட்டுவதென்று தெரியவில்லை என்ற எளிய தயக்கங்களால் ஒட்டாமலிருப்பவர்கள். அவர்களுக்கு அபராதத்தைவிட ஒரு நல்ல விளக்கம் அதிகம் உதவும்.

டேக்கை விற்கும் வங்கிகளும் முகவர்களும் அதைக் கவருக்குள் போட்டு நீட்டுவதோடு நிற்காமல், வண்டிக்குப் போய்க் கண்ணாடியைத் துடைத்துச் சரியான இடத்தில் ஒட்டிக்கொடுக்க வேண்டும். முடியாத இடத்தில், எந்த இடம், ஏன் அந்த இடம், ஏன் கையில் பிடித்தால் வேலை செய்யாது என்பதை ஒரே பக்கத்தில் படத்தோடு தமிழில் அச்சிட்டுக் கூடவே தர வேண்டும். நூலகங்களும் டேக் வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒட்டுபவர்களின் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். உங்கள் ஃபாஸ்டேக் இன்னும் டாஷ்போர்டு அறைக்குள் கிடந்தால், அடுத்த பயணத்துக்குக் காத்திருக்காமல் இன்றே கண்ணாடியைத் துடைத்து ஒட்டிவிடுங்கள்.